ஓவியன் கையும் கித்தான் துணியும்

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடலில் பேசியது. மேடையில் தடுமாறிய இடங்களை மட்டும் சரிசெய்து மலருக்காக எழுதித் தந்திருக்கிறேன்.)



போன மாதம் சங்கச் செயலாளர் அண்ணன் போன் செய்தார். "நீ படமெல்லாம் வரையறியாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசேன்" என்றார். "அண்ணே, நான் பெரிய ஓவியன் ஒண்ணும் இல்லையே" என்றேன். "அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். பெரிய ஓவியர்னா கார் அனுப்பணும்" என்றார். ஆக, என் தகுதி என்னவென்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது.

நான் 2009-ஆம் வருஷத்து மெக்கானிக்கல். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். ஆறு நாள் மைக்ரோமீட்டர், ஏழாவது நாள் தூரிகை. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஓர் அறை. அதற்கு ஸ்டூடியோ என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டில் அதை இன்னமும் "சாமான் ரூம்" என்றுதான் சொல்கிறார்கள்.

படம் வரைகிறேன் என்று சொன்னால் எல்லோரும் "என்ன வரைவீங்க?" என்று கேட்கிறார்கள். எதன் மேல் வரைவீர்கள், எங்கே உட்கார்ந்து வரைவீர்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. படத்தில் பாதி அந்த இரண்டு இடத்தில்தான் முடிவாகிறது என்பது என் கட்சி. இது எனக்கு ஏதோ புத்தகம் படித்து வந்த ஞானம் இல்லை. 2023 டிசம்பரில் படம் வரைவதையே விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்தக் கதைக்கு வருகிறேன். முதலில் துணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடையில் விற்கும் ரெடிமேட் கான்வாஸ் வாங்கினேன். விலையைப் பார்த்ததும் நமக்குள் இருக்கும் இன்ஜினியர் விழித்துக்கொண்டான். "துணிதானே, நாமே செய்யலாமே" என்று காடா துணி நாலு மீட்டர் வாங்கி, ரீப்பர் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து, நேராக அதன் மேலேயே எண்ணெய் வண்ணத்தைப் பூசினேன். மறுநாள் பார்த்தால் ஒவ்வொரு வண்ணத்தைச் சுற்றியும் எண்ணெய் வட்டம், பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி. ஒரு வருஷம் கழித்து அந்தத் துணி பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பொரிந்து போகிற நிலைக்கு வந்துவிட்டது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது நூலின் வலுவையும் தின்றுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐரோப்பியர் பெரிதும் பயன்படுத்திய லினன் துணியும், இந்த எண்ணெயும் அதே ஆளிச் செடியிலிருந்து வருபவை. தண்டிலிருந்து துணி, விதையிலிருந்து எண்ணெய். ஒரே வீட்டுப் பிள்ளைகள். நடுவில் ஒரு தடுப்புச் சுவர் இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் அழித்துவிடுவார்கள்.

அந்தத் தடுப்புச் சுவரை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பூந்தமல்லியில் இருக்கும் ஒரு பெரியவர். ஒரு காலத்தில் சினிமா பேனர் வரைந்தவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுகிறேன். என் காடா துணிப் படத்தை அவரிடம் காட்டினேன். படத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி வைத்து முதுகைப் பார்த்தார்.

"துணி தாகத்துல கெடக்குது தம்பி. அதுக்கு மொதல்ல குடிக்கக் குடு. அப்புறமா வண்ணத்தைக் குடு. இல்லாங்காட்டி உன் வண்ணத்தைத்தான் அது குடிக்கும்."

முதலில் பசை. அந்தக் காலத்தில் தச்சர்கள் காய்ச்சும் வஜ்ஜிரம், இன்றைக்கு அக்ரிலிக் பசை. அது காய்ந்த பிறகு சாக்பவுடரும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு, ஒன்றல்ல, மூன்று கை. ஒரு கை பாவு நூல் போகும் திசையில், அடுத்தது ஊடை போகும் திசையில். ஒவ்வொன்றும் காய்ந்ததும் உப்புத்தாள். இதை அவர் சொல்லிக்கொண்டே செய்துகாட்டியபோது எனக்கு நம் கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் பெயிண்ட் அடிக்கும் முன் தகட்டைத் தேய்க்கச் சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஏன் தேய்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கினோம், வந்துவிட்டோம்.

துணியின் சொரசொரப்பு என்ன செய்கிறது என்பதை நம் பாஷையிலேயே சொல்லிப் பார்க்கிறேன். கடைசலில் வந்த ஒரு ஷாஃப்ட்டைக் கையில் எடுத்தால் முதலில் சர்ஃபேஸ் ஃபினிஷ் பார்க்கிறோம். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளத்தை மைக்ரான் கணக்கில் அளக்கிறோம். கித்தானில் அந்த மேடு பள்ளம் கண்ணுக்கே தெரியும். பாவும் ஊடையும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி இறங்குகிற ஒவ்வொரு இடமும் ஒரு குன்று, அடுத்தது ஒரு குழி. தூரிகையில் வண்ணம் குறைவாக, கெட்டியாக இருந்தால் அது குன்றின் தலையை மட்டும் தொட்டுக்கொண்டு போகும், குழிகள் வெறுமையாக நிற்கும். கோடு உடைந்து உடைந்து வரும். அதே தூரிகை, அதே கை, வழவழப்பான துணியில் ஓட்டினால் கோடு வழுக்கிக்கொண்டு ஒரே வீச்சில் போகும். நீர்க்க இருக்கிற வண்ணமோ குழிகளில் தேங்கி, குன்றுகளை விட்டுவிடும். ஆகவே முரட்டுத் துணியில் நுணுக்கமாகக் கண் இமை வரைய முயற்சி செய்கிறவன் மூன்று நாளில் தோற்று, நான்காம் நாள் அகலத் தூரிகையைக் கையில் எடுப்பான். அவன் பாணி மாறிவிட்டது என்று நாம் சொல்வோம். மாற்றியது துணி.

பேனர் கலைஞர்களுக்கு இது அத்துப்படி. அவர்கள் படம் நூறு அடி தூரத்திலிருந்து, பஸ் ஜன்னல் வழியாகப் பார்க்கப்படுவது. ஆகவே மலிவான முரட்டுத் துணி, அகலத் தூரிகை, கன்னத்தில் நீலமும் பச்சையும்கூடத் துணிச்சலாக. கிட்டே போனால் கட்டை கட்டையாக வண்ணம். தள்ளி நின்றால் எம்.ஜி.ஆர். சிரிப்பார். 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலை ஏறக்குறையத் துடைத்துவிட்டது. ஃப்ளெக்ஸ் தாகம் எடுக்காத துணி. அதில் அச்சு ஒட்டும், அவ்வளவுதான்.

துணி ஓர் ஓவியனை எப்படி மாற்றும் என்பதற்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் ஒன்று இருக்கிறது. 1888 அக்டோபர் கடைசியில் பிரான்ஸ் நாட்டின் ஆர்ல் என்ற ஊரில் வின்சென்ட் வான்கோ இருந்த வீட்டுக்கு அவர் நண்பர் பால் கோகன் வந்து சேர்ந்தார். வந்ததும் கோகன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, 20 மீட்டர் சணல் துணி வாங்கியது. கிட்டத்தட்ட நம் அரிசி மூட்டைச் சாக்கு மாதிரி. இருவரும் அதை வெட்டிப் பங்கிட்டு வரைந்தார்கள். வான்கோ அதுவரை பயன்படுத்தியது கடையில் வரும் ஒழுங்கான கான்வாஸ். சாக்குத் துணியில் அந்தச் சின்னச் சின்ன வேகமான கோடுகள் நிற்கவில்லை. வண்ணத்தைக் கனமாகப் போட வேண்டியிருந்தது, உருவங்களை அகலமாக, தட்டையாக வைக்க வேண்டியிருந்தது. அவர் வரைந்த வெறும் நாற்காலிப் படம், அச்சுப் பிரதியாகவாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதுவும் அதற்கு ஜோடியாக வரைந்த கோகனின் நாற்காலியும் அந்தச் சணல் துணியில் பிறந்தவைதாம். இரண்டே மாதத்தில் நண்பர்கள் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். சாக்கு மட்டும் மிச்சம்.

இந்த விவரங்களைச் சேகரிப்பதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. நம்மவர்கள் என்றால் இன்ஜினியர்கள். பழைய ஓவியத்தை எக்ஸ்ரே எடுத்தால், துணியின் பள்ளங்களில் இறங்கியிருக்கும் ஈயம் கலந்த வெள்ளைப் பூச்சு நெசவை அப்படியே காட்டிக்கொடுக்கும். முன்பெல்லாம் பூதக்கண்ணாடி வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை நூல் என்று கையால் எண்ணினார்கள். 2007 வாக்கில் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஜான்சன், ரைஸ் பல்கலைக்கழகத்து டான் ஜான்சன் என்ற இரண்டு எலெக்ட்ரிகல் பேராசிரியர்கள் இந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தார்கள். இருவருக்கும் ஒரே இனிஷியல் மாதிரி பெயர், ஆனால் உறவில்லை. நாம் சிக்னல்ஸ் பாடத்தில் எதற்கு இது என்று திட்டிக்கொண்டே படித்தோமே ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், அதுதான் ஆயுதம். நெசவு என்பது ஓர் அலைவரிசை. ஒரே தறியில் ஒரே உருளையில் வந்த துணி என்றால் நூல் நெருக்கமும் நெகிழ்வும் வரிவரியாக ஒத்துப்போகும். லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் வெர்மீரின் லேஸ் பின்னும் பெண் ஓவியமும், நெடுநாள் சந்தேகத்தில் கிடந்த இன்னொரு சின்ன ஓவியமும் ஒரே உருளைத் துணியிலிருந்து வெட்டியவை என்று இப்படித்தான் கண்டார்கள். அந்தச் சின்னப் படம் வெர்மீருடையதே என்ற கட்சிக்கு அது பெரிய பலம். பின்வரிசையில் இருக்கும் ஈ.சி.ஈ. மாணவர்கள் இப்போதாவது நிமிர்ந்து உட்காரலாம்.

அடுத்தது இடம். துணியில் படம் எழுதுவது பெரிய அளவில் வேரூன்றிய ஊர்களில் முக்கியமானது வெனிஸ். காரணம் மிகவும் சாதாரணமானது. கடல் தண்ணீருக்கு நடுவில் இருக்கிற ஊர். உப்புக் காற்றும் ஈரமும் சுவர் ஓவியத்தை உதிர்த்துவிட்டன. கப்பல் பாய்க்கு நெய்த கித்தான் ஊரில் ஏராளம். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் ஓவியர்கள் அதைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். டிஷியன் போன்றவர்கள் அதில் முரட்டு நெசவைத் தேடிப் பிடித்தார்கள். ஊரின் ஈரம் ஓர் ஓவிய முறையையே பெற்றுவிட்டது என்று சொல்லலாம்.

ஈரம் என்றால் நாம் இளைத்தவர்களா? ஐப்பசி, கார்த்திகையில் என் அறையில் பேப்பரே தொய்ந்து போகும். அப்போது கித்தான் என்ன செய்கிறது தெரியுமா? முதலில் பசை இளகித் துணி தளர்கிறது. தட்டினால் மேளம் மாதிரி ஒலித்தது, இப்போது ஈரத் துண்டு மாதிரி "தொப்" என்கிறது. ஈரம் இன்னும் ஏறினால் கதை தலைகீழ். நூல் பருத்துப் போவதால், ஒன்றைச் சுற்றி இன்னொன்று வளைந்து போக வேண்டிய தூரம் கூடுகிறது. துணி சுருங்கி விறைக்கிறது. வெயில் வந்ததும் மறுபடி தளர்கிறது. வருஷா வருஷம் இந்த இழுபறியில் மேலே இருக்கும் வண்ணப் பூச்சு ஒத்துழைக்க மாட்டேன் என்று வெடிக்கிறது. இதற்காகத்தான் சட்டத்தின் மூலைகளில் சின்ன மர ஆப்பு வைக்கிறார்கள். தளர்ந்தால் ஒரு தட்டு. வாழ்க்கையில் ஆப்பு நல்லதற்கு வைக்கப்படும் ஒரே இடம் இதுவாகத்தான் இருக்கும்.

நம் தஞ்சாவூர் ஓவியர்கள் இந்தத் தலைவலியையே வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள். பலாப் பலகை மேல் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பொடியும் பசையும் கலந்து பூசி, கல் போல் வழவழப்பாகத் தேய்த்துவிடுவார்கள். புளியங்கொட்டைப் பசை போட்டவர்களும் உண்டு. துணி அசையாது. அப்படி ஒரு தளம் கிடைத்ததால்தான் தங்க ரேக்கும் கல்லும் பதிக்க முடிந்தது. தொங்குகிற துணியில் கண்ணன் கழுத்து அட்டிகை இரண்டு மழைக்காலம் தாங்காது.

இப்போது வெளிச்சம். ஓவியப் புத்தகம் எதை எடுத்தாலும் "ஸ்டூடியோவுக்கு வடக்கு ஜன்னல் வை, நேர் வெயில் வராது" என்று எழுதியிருக்கும். நானும் நம்பி வடக்குச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தேன். மே மாதம் காலை ஏழு மணிக்கு வெயில் நேராக வந்து பேலட் மேல் உட்கார்ந்தது. கொத்தனாரைத் திட்டினேன். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தப் புத்தகங்கள் ஐரோப்பாவில் எழுதியவை. சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி தாண்டும் வரை நண்பகலில்கூடச் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. காலையிலும் மாலையிலும் சாய்வாக வடக்கு ஜன்னலுக்குள் எட்டிப் பார்க்கிறது. பாரிஸுக்கு இந்தப் பிரச்சினையின் கடுமை தெரியாது. கடைசியில் ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் ஒரு மறைப்பு அடித்து, உள்ளே பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினேன். ஒளி பால் மாதிரி ஆயிற்று.

இதே வேலையை எஸ்டேட்டில் நம் முன்னோர் எப்போதோ செய்து வைத்திருக்கிறார்கள். 1964-இல் தொடங்கிய எஸ்டேட் அது. பழைய ஷெட்டுகள் சிலவற்றில் ரம்பப் பல் மாதிரி கூரை இருக்கும். ஒரு பக்கம் சரிவு, ஒரு பக்கம் செங்குத்தாகக் கண்ணாடி. ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் நார்த் லைட் ட்ரஸ் என்று வரைந்து மார்க் வாங்கினோமே, அதேதான். லேத்தில் நிற்பவன் கையில் நிழல் விழக்கூடாது என்று வைத்தது. ஓவியனும் அதைத்தான் கேட்கிறான். எந்த ஊர் ஸ்டூடியோவைப் பார்த்து ஏங்கினேனோ அதன் கூரைக்குக் கீழேதான் பல வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு ரொம்ப நாள் உறைக்கவில்லை.

ஏங்கினது என்றால் சோழமண்டலத்தைப் பார்த்து. ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் இருக்கும் ஓவியர் கிராமம். 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவர் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. பணிக்கர் அப்போது சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற டாக்டர் தொடங்கிய அந்தக் கல்லூரி எங்கே இருக்கிறது? பெரியார் ஈ.வெ.ரா. சாலையில். அதாவது, நம் பெரியவர்கள் வாயில் இன்னமும் பூந்தமல்லி ஹைரோடு. நம் ஊருக்கு வரும் ரோட்டில்தான் ஓவியம் இருந்திருக்கிறது, நாம்தான் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே கடந்தோம்.

முதன்முதலில் சோழமண்டலத்துக்குப் போனபோது மனசு வெம்பிவிட்டது. கடல், மரநிழல், அமைதி. இவர்களுக்கென்ன, வரையலாம் என்று தோன்றியது. பட்டறவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, பவர் பிரஸ் சத்தத்தில் நடக்கிறவன் எதை வரைவது? ஆனால் பிறகு அவர்கள் வரலாற்றைக் கேட்டபோது வெட்கமாகப் போயிற்று. அவர்கள் போனபோது அது நகரத்துக்கு வெளியே வெறும் மணல். அங்கே நிலம் வாங்கும் அளவுக்குத்தான் கையில் காசு. அந்தக் காசையும் பாத்திக் துணி செய்து விற்றுச் சேர்த்தார்கள். ஒரு பக்கம் கைவினை, ஒரு பக்கம் ஓவியம், சிற்பம் என்று பிழைத்தார்கள். பாத்திக் என்றால் துணியில் மெழுகால் கோடு இழுத்துச் சாயத்தில் முக்குவது. மெழுகு ஆறிவிடும் முன் கை ஓட வேண்டும், திரும்ப அழிக்க முடியாது. சென்னை ஓவியர்களின் படங்களில் கோடு இவ்வளவு வலுவாக இருப்பதற்குப் பல காரணம் சொல்வார்கள், நம் சிற்பம், கோலம், ஏடு என்று. தினமும் துணியில் மெழுகுக் கோடு இழுத்த கை என்பதையும் அதில் சேர்க்க வேண்டும் என்பது என் ஊகம். கலை விமரிசகர்கள் மன்னிக்கட்டும்.

பணிக்கர் 1963-இல் தொடங்கிய "சொற்களும் குறியீடுகளும்" வரிசையைப் பாருங்கள். படம் முழுக்க எழுத்து, கட்டம், ஜாதகம் போல, கணக்குப் போல. அதற்குப் பொறி தட்டியது ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்தபோது. நாம் தினம் கிறுக்கிய நோட்டில் ஒருவருக்கு ஓவியம் தெரிந்திருக்கிறது. பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை வெட்டித் தட்டிச் சிலை செய்தார். நம் ஷீட் மெட்டல் ஷாப்பில் கிடக்கும் அதே மாதிரி தகடுதான்.

என் மனசுக்கு இன்னும் நெருக்கமானவர் கே.எம். ஆதிமூலம். துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர், 2008-இல் மறைந்தார். காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களையும், ஜூனியர் விகடனில் கி.ரா.வின் கரிசல் காட்டுக் கடுதாசிக்குப் போட்ட படங்களையும் பார்த்தவர்களுக்கு அவர் கறுப்பு மையும் வெள்ளைத் தாளும்தான். தாளில் பேனா ஊன்றிக் கீறும். அவர் கோடு முடிச்சு முடிச்சாக, வேர் மாதிரி பின்னிக்கொண்டு போகும். நெசவாளர் சேவை மையத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர், துணியும் சாயமும் பழகிய கண். பிற்காலத்தில் கித்தானுக்குப் போனதும் கோட்டையே விட்டுவிட்டார். கத்தியால் வண்ணத்தைத் தடிமனாக இழுத்து, நிலமா வானமா என்று சொல்ல முடியாத வெளிகளை எழுதினார். அதே மனிதர்தான். தாளும் பேனாவும் கேட்டது ஒன்று, கித்தானும் கத்தியும் கேட்டது வேறொன்று.

சரி, என் கதை. எனக்குத் தொழில் புத்தி போகாது. ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பிராசஸ் ஷீட் மாதிரி எழுதி ஒட்டுவேன். என்ன துணி, எத்தனை கை பூச்சு, தேதி, அறையின் வெப்பம். நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்துவைத்தபோது ஒன்று புரிந்தது. சீட்டைப் பார்க்காமலே மாதவாரியாகப் பிரிக்க முடிந்தது. மே மாதத்துப் படங்களில் வண்ணம் திட்டுத் திட்டாக, ஓரம் கூர்மையாக இருக்கிறது. அந்தச் சூட்டில் அக்ரிலிக் தொட்ட மாத்திரத்தில் காய்ந்துவிடும், குழைக்க நேரமே இல்லை. கார்த்திகை மாதத்துப் படங்கள் எல்லாம் மசங்கலாக, ஒன்றுக்குள் ஒன்று கரைந்து. எண்ணெய் வண்ணம் வாரக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். என் பாணி, என் மனநிலை என்று நான் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் கூரை ஷீட்டின் கைவண்ணம்.

2024 ஜனவரியில் ஒரு சின்னக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. பதினான்கு படங்கள். வீட்டில் இடம் போதாமல், எஸ்டேட்டில் யூனிட் நடத்தும் நண்பன் ஒருவனின் ஷெட்டில் தரையோடு சாய்த்து வைத்திருந்தேன். 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். எஸ்டேட் எப்படி மூழ்கியது என்று உங்களில் பலர் சொந்த அனுபவத்தில் அறிவீர்கள். மெஷின் போனவன் முன்னால் நின்று "என் படம்" என்று வாய் திறக்கக்கூட எனக்குக் கூச்சம். மூன்று நாள் கழித்துத்தான் ஷெட்டுக்குள் போக முடிந்தது. அட்டையில் ஒட்டிய ரெடிமேட் கான்வாஸ்கள் அப்பளம் மாதிரி உப்பியிருந்தன. மெல்லிய காடா துணிப் படங்களில் பூச்சு தோல் உரிவது போல் உரிந்து தொங்கியது. டீசலும் கூலன்ட்டும் கலந்த தண்ணீர். ஒரு வாரத்தில் மீதி இருந்ததிலும் கறுப்புப் பூஞ்சைக் காளான். பதிமூன்று போயிற்று. அவற்றில் ஒன்று என் அப்பா உட்கார்ந்து பேப்பர் படிக்கும் படம். அவர் இப்போது இல்லை.

தப்பியது ஒன்றே ஒன்று. பாரிமுனையில் வாங்கிய கனமான கித்தானில், பெரியவர் சொன்ன முறைப்படி பூச்சுப் போட்டு வரைந்த கொரட்டூர் ஏரிப் படம். அதிலும் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பழுப்பாக ஒரு தண்ணீர்க் கோடு. துடைத்தும் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். "இதோட விட்டுடறேன் ஐயா, கடைசியா உங்ககிட்ட காட்டலாம்னு வந்தேன்" என்றேன். வழக்கம்போல் முதலில் முதுகைத் திருப்பிப் பார்த்தார். "துணி கெட்டியா நிக்குது" என்றார். பிறகு முன்பக்கம். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

"ஏரிய வரைஞ்ச. ஏரியே வந்து எம்மாம் உசரம்னு கோடு போட்டுக் காட்டிட்டுப் போயிருக்கு. நீ போட்டிருந்தாகூட இவ்ளோ நேரா வந்திருக்காது தம்பி."

சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் அந்தப் படத்தைத் தொடவில்லை. பிறகு, கோட்டுக்கு மேலே இருந்ததை அப்படியே விட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே மட்டும் மறுபடி வரைந்தேன். தண்ணீருக்குள் நிற்கும் டிரில்லிங் மெஷின், மிதக்கும் டிபன் கேரியர், கூலன்ட்டின் பால் நிறம். அதுவரை போட்டோ பார்த்துக் கடற்கரையும் தென்னந்தோப்பும் வரைந்துகொண்டிருந்தவன் நான். அதற்குப் பிறகு ஒரு தென்னைமரம்கூட வரையவில்லை. ஆவடியிலும் அம்பத்தூரிலும் எனக்குத் தெரிந்த தகரம், துரு, எண்ணெய்க் கறை படிந்த தரை, ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்கு ஓடுகிறவர்கள், இவைதாம். இவற்றுக்கு வழவழப்பான துணி ஒத்துவரவில்லை. முரட்டுக் கித்தான்தான் சரி. அப்பாவின் படத்தை மட்டும் இன்னும் மறுபடி தொடங்க முடியவில்லை. எந்தத் துணி என்று முடிவாகவில்லை.

அந்த ஏரிப் படத்தைத்தான் இந்த அரங்கத்தின் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்கள். உள்ளே வரும்போது இரண்டு பேர் "காபி கொட்டிட்டாங்க போல" என்று பேசிக்கொண்டு போனதை நானே கேட்டேன். வெளியே போகும்போது இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசியாக ஓர் அறிவிப்பு. முதல்வர் அவர்கள் பெரிய மனதோடு நம் பழைய ஒர்க்‌ஷாப் ஷெட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை திறந்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். அந்த ஷெட்டின் கூரையை யாராவது நிமிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நார்த் லைட் ட்ரஸ். விருப்பமுள்ள மாணவ மாணவியர் எட்டு மணிக்கு வந்துவிடுங்கள். படம் வரையத் தெரிய வேண்டும் என்ற அவசியம் இல்லை. வீட்டில் கிடக்கும் காடா துணியோ, துவைத்துக் காய்ந்த அரிசிச் சாக்கோ கொண்டுவாருங்கள். லாரித் தார்ப்பாய் வேண்டாம், அதில் மெழுகு ஏற்றியிருப்பார்கள், வண்ணம் ஒட்டாது. சட்டம், ஆணி, பசை, சாக்பவுடர் என் பொறுப்பு. முழங்கால் வலி விட்டால் பூந்தமல்லிப் பெரியவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் உங்கள் படத்தைத் திருப்பி முதுகைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாப்பாடு ஆறுகிறது.